இடதுபக்கக் கட்டத்தில் எழுதியது

வெட்கக்கேடான ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு நன்றாக வரும். மனிதவளப் பிரிவில் பத்து வருடம் குப்பை கொட்டினால் யாருக்கும் வரும். "நாளையிலிருந்து வேலைக்கு வராதீர்கள்" என்பதை, அந்தச் சொற்களில் ஒன்றுகூட இல்லாமல், வாசிப்பவர் நன்றி சொல்லிவிட்டுப் போகிற மாதிரி ஒரு பக்கத்துக்கு எழுதத் தெரிந்தவள் நான். அந்தக் கெட்டித்தனத்தை இங்கேயும் காட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே முதலிலேயே போட்டுடைத்துவிடுகிறேன். ஒரு பெண் செய்யாத தப்பை அவர் செய்ததாக என் கையால் எழுதினேன். பிறகு அவர் முகத்துக்கு நேரே, அவர் சொல்லித்தான் எழுதினேன் என்று பொய் சொன்னேன்.

எங்கள் கம்பனி பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு பாதையில் இருக்கிறது. மலையிலிருந்து வரும் தேயிலையைப் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். நான் கண்டியில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் வாடகைக்கு இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். ஊர் எது என்று யாராவது கேட்டால் கண்டி என்பேன். பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அதைச் சொன்னால் என்ன வந்துவிடப் போகிறது? ஒன்றுமில்லை. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வாயில் கண்டி என்று வந்துவிட்டது. அதற்குப் பிறகு மாற்றவில்லை.

இரண்டு மூன்று வருடத்துக்கு முன்பு, எங்களிடம் தேயிலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பனி ஒரு கடிதம் அனுப்பியது. உங்கள் ஊழியர்கள் சுற்றாடலை மதித்து நடக்கிறார்களா, அதை நீங்கள் எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் பிரிவுத் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனிதர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கொழும்பில் நடந்த ஒருநாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார். பெரிய ஹோட்டல். ஏ.சி. குளிரில் பல் கிட்டியது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டு, பிளாஸ்டிக்கால் உலகம் அழிகிறது என்று நாள் முழுக்கச் சொல்லித் தந்தார்கள். ஆளை எடுக்கும்போதும், பதவி உயர்த்தும்போதும், நிரந்தரமாக்கும்போதும் அவரது பசுமை நடத்தைக்கு மார்க்ஸ் போடவேண்டும் என்றார்கள். நான் விழுந்து விழுந்து குறிப்பெடுத்தேன்.

திரும்பி வந்து ஒரு படிவம் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ஒரு தாளில் இரண்டு கட்டம். இடதுபக்கம் "முன்பு நான் செய்தது". வலதுபக்கம் "இப்போது நான் செய்வது". இரண்டுக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு மார்க்ஸ், பத்துக்கு. நடத்தைக்கு மார்க்ஸ் இல்லை, நடத்தை மாறியதற்குத்தான் மார்க்ஸ். பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள் என்று நினைத்தேன். ஒருவேளை நானே அப்படி விளங்கிக்கொண்டேனோ தெரியாது. பிரிவுத் தலைவர் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு பிள்ளை, வடிவா விளங்குது" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

படிவம் போன இரண்டாம் நாளே ஆட்கள் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். எவ்வளவு பெரிய பாவம் எழுதுகிறோமோ அவ்வளவு மார்க்ஸ் என்று தெரிந்ததும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பாவம் எழுதினார்கள். சோறு சுற்றும் பொலித்தீன் லன்ச் சீட் ஒரு நாளைக்கு ஐந்து வீசியதாக ஒருவர் எழுதினார். ஐந்து வேளை சோறு எங்கே தின்றாரோ! கணக்குப் பிரிவுப் பையன் ஒருவன், "முன்பு மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தேன், இப்போது ஒரே வண்டியில் இருவர் வருகிறோம்" என்று எழுதினான். அவனுக்கு அந்த வருடம்தான் கல்யாணம் நடந்தது, மனைவிக்குப் பக்கத்துக் கடையில் வேலை. எட்டு மார்க்ஸ் கொடுத்தேன். வேறென்ன செய்வது, இரண்டு கட்டத்துக்கும் தூரம் இருந்ததே.

அந்த வருடம் இன்னொன்றும் நடந்தது. எங்கள் துப்புரவு வேலைக்கு ஆட்களை அனுப்புவது ஒரு மேன்பவர் கம்பனி. அவர்கள் எங்களிடம் வேலை செய்வார்கள், ஆனால் எங்கள் ஆட்கள் இல்லை. அவர்களில் நான்கு பேரை நிரந்தரமாக்கலாம் என்று பொது முகாமையாளர் சம்மதித்தார். வரவு, வேலை, பசுமை மார்க்ஸ் மூன்றையும் பார்த்து எடுப்போம் என்று முடிவாகியது. பட்டியல் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அந்த மேன்பவர் ஆட்களில் ஒரு அக்கா இருந்தார். மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டம். கணவரும் இரண்டு பிள்ளைகளும் அங்கே லயத்தில். இவர் மட்டும் பிலிமத்தலாவையில் ஒரு அறை எடுத்துத் தங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் ஊருக்குப் போய் வருவார். ஆறு வருடமாகப் பொதி செய்யும் மண்டபத்தைக் கூட்டித் துடைத்தவர். இந்த ஆறு வருடமும் தினமும் பின்னேரம் மேன்பவர்காரன் போன் பண்ணுவான். "நாளைக்கு வாங்க" என்பான், அல்லது "நாளைக்கு வேணாம்" என்பான். அவ்வளவுதான் அவருடைய நியமனக் கடிதம்.

"இந்த லிஸ்ட்ல நம்ம பேரும் வருமா மிஸ்?" என்று ஒருநாள் கேட்டார். "பேர்மனன்ட் ஆயிட்டா அந்த மனுஷன் எப்ப போன் பண்ணுவாருன்னு போன மடியில வச்சுக்கிட்டு சோறு தின்ன வேணாம். நாளைக்கு வேல இருக்குன்னு நமக்கே தெரியும். அது போதும் மிஸ்."

"ஏன் வராது? பாப்போம் அக்கா," என்றேன்.

எங்கள் கட்டடத்தில் பசுமை என்ற சொல் வருவதற்கு முன்பே பசுமையாக இருந்தவர் யாராவது உண்டென்றால் அது இந்த அக்காதான். நடந்தே வருவார். சோற்றை எவர்சில்வர் பெட்டியில் கொண்டுவருவார். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து அதில்தான் நிலம் துடைப்பார். யாரும் இல்லாத அறையில் மின்விசிறி ஓடினால் அவருக்குப் பொறுக்காது. பொது முகாமையாளர் கழிவறைக்குப் போன இடைவெளியில் அவர் அறை விளக்கையே அணைத்துவிட்டு ஒருதரம் ஏச்சு வாங்கினார். அப்படிப்பட்ட ஆள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் விழித்துக்கொண்டு நின்றார்.

"இங்க என்னத்த மிஸ் எழுதறது? இப்ப செய்றத இந்தப் பக்கம் எழுதலாம். முன்னாடி என்ன செஞ்சேன்னு கேட்டா, அதுவும் இதேதான்."

"அப்படி எழுதினா மார்க்ஸ் வராது அக்கா. முன்னாடி ஏதாவது வீணாக்கியிருப்பீங்கதானே? லைட்ட போட்டுட்டு போறது, பைப்ப தொறந்துவிட்டுட்டு போறது, அந்த மாதிரி..."

அக்கா சிரித்துவிட்டார். "வீணாக்கறதுக்கு நம்மகிட்ட என்ன மிஸ் கெடந்துச்சு?"

அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் படிவம் தப்பு என்று சொல்லி அதைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். ஆனால் அது நான் பெற்ற பிள்ளை மாதிரி ஆகிவிட்டிருந்தது. படிவத்தை மாற்றுவதை விட ஆளை மாற்றுவது எனக்குச் சுலபமாகப் பட்டது. சும்மாவாவது ஏதாவது ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "அட போங்க மிஸ், செய்யாதத செஞ்சேன்னு எப்புடி சொல்றது?" என்றார். இப்படியே விட்டால் பூச்சியம்தான் விழும், பட்டியலில் பெயர் வராது. எனக்கும் அவரை எப்படியாவது உள்ளே எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை இருந்தது. சத்தியமாக இருந்தது.

"சரி, நீங்க கீழ கையெழுத்து மட்டும் போடுங்க. மேல நான் பாத்து எழுதிக்கறேன்."

"என்ன மிஸ் எழுதுவீங்க?"

"நல்லதுதான் அக்கா."

வெற்றுப் படிவத்தில், தமிழில், ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "நீங்க நல்லா இருக்கணும் மிஸ்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

வாங்குகிற கம்பனிக்கு அறிக்கை ஆங்கிலத்தில் போகவேண்டும் என்பதால் நான் ஆங்கிலத்திலேயே எழுதினேன். இடதுபக்கம்: பொதி செய்யும் மண்டபத்தில் கூட்டும் பொலித்தீனையும் ஈயத்தாள் துண்டுகளையும் முன்பு பின்மதிலுக்கு அப்பால் ஓடும் சிற்றாறான ஓயாவில் கொட்டி வந்தேன், அது தப்பு என்று எனக்குத் தெரியாது. வலதுபக்கம்: கம்பனியின் பயிற்சிக்குப் பிறகு அவற்றைத் தரம் பிரித்துச் சேகரிக்கிறேன். பத்துக்கு ஒன்பது போட்டேன்.

இதை எழுத எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதைப் பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். கணக்குப் பிரிவுப் பையனுக்கு ஒரு பாவம் கற்பனை பண்ணச் சொல்லியிருந்தால் தலையைச் சொறிந்திருப்பேன். தோட்டத்திலிருந்து வந்த ஒரு பொம்பிளை என்றதும், கேட்காமலே கை எழுதிவிட்டது. குப்பையை ஆற்றில் கொட்டுவாள், தப்பென்று தெரியாதவள். டவுனில் எங்களைப் பற்றி இப்படித்தான் கதைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் மனதுக்குள் அதையேதான் வைத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியாது. அதுவும் லயத்தில் பிறந்த நான்! சீ என்று இருக்கிறது.

படிவங்களை எல்லாம் பார்த்த பிரிவுத் தலைவர் அக்காவின் தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்தார். "பிள்ளை, இதெல்லோ கதை! மற்றதுகள் லைற்றை நிப்பாட்டினன், பேப்பர் மிச்சம் பிடிச்சன் எண்டு சப்பெண்டு கிடக்கு. இதிலை ஒரு ஆளே மாறியிருக்கு. அறிக்கையிலை இதை முதலாவதாப் போடும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "தேங்ஸ் சேர்" என்றேன்.

அறிக்கை போனது. பட்டியலும் முடிந்தது. அக்காவின் பெயர் இரண்டாவதாக இருந்தது. இன்னும் கையெழுத்தாகவில்லை, ஆனால் ஆகிவிடும் என்று நம்பி, படிக்கட்டில் கண்டபோது அவரிடம் சொல்லிவிட்டேன். கையிலிருந்த துடைப்பத்தை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக் கையோடு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "புள்ளைங்களுக்கு போன் போட்டு சொல்லட்டா மிஸ்?" என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். மறுநாள் ஒரு பிஸ்கட் டின்னில் பால் டொபி செய்து கொண்டுவந்து மண்டபம் முழுக்கக் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு. நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

இரண்டு மாதம் கழித்து, வாங்குகிற கம்பனி சார்பில் ஒரு ஓடிட் அம்மணி கொழும்பிலிருந்து வந்தார். மெல்லிய குரல், கையில் எங்கள் அறிக்கை. முதல் பக்கத்தைத் திறந்து, அக்காவின் கதைக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்ததைக் காட்டினார். ஏதோ பாராட்டப் போகிறார் என்று நாங்கள் பல்லை இளித்துக்கொண்டு நின்றோம்.

"அப்படியென்றால் உங்கள் கழிவு ஓயாவுக்குப் போயிருக்கிறது," என்றார். "எத்தனை வருடமாக? எவ்வளவு? யாருக்காவது அறிவித்தீர்களா?"

பொது முகாமையாளரின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். அவர் பிரிவுத் தலைவரைப் பார்த்தார், பிரிவுத் தலைவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அம்மணி மதிலுக்குப் பின்னால் போய் ஓயாவைப் படம் எடுத்தார். அங்கே ஒன்றும் இல்லை. தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் என்ன, நாங்களே எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறோமே! ஒரு மாதத்துக்குள் பொறுப்பானவரைக் கண்டுபிடித்து, ஒழுங்கு நடவடிக்கை எடுத்து, அதற்கான கடிதங்களை அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் வாங்குகிற கம்பனி தரும் பசுமைச் சான்றிதழ் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

விசாரணைக்கு முதல்நாள் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "கதவைச் சாத்திப்போட்டு இரும் பிள்ளை," என்றார். இருந்தேன்.

"இது அவ சொல்லித்தானே நீர் எழுதினது?"

நான் மேசையில் கிடந்த அக்காவின் படிவத்தை நேராக்கி வைத்தேன். அதிலேயே அவருக்கு விஷயம் விளங்கியிருக்கும், விளங்காத ஆள் இல்லை. பேனையை மூடி வைத்தார். "வடிவா யோசிச்சுச் சொல்லும். அவ சொல்லேல்லை எண்டால், படிவம் எல்லாத்தையும் நாங்களே இருந்து எழுதினதெண்டு ஆகிப்போடும். பிறகு உம்மையும் என்னையும் ஆர் காப்பாத்திறது? அவ சொல்லித்தான் எழுதினதெண்டால் கதை அதோடை முடியும்."

"ஓம் சேர்," என்றேன். எனக்கு ஆமா என்றுதான் வரும். அவரிடம் மட்டும் அவர் பேச்சுப்படி ஓம் என்பேன். பழக்கதோஷம்.

பழியை அவர் தலையில் போட்டுவிட்டுத் தப்பப் பார்க்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அவர் கதவைத்தான் காட்டினார், அதற்குள் போனது என் கால். வேடிக்கை என்னவென்றால், உண்மையைச் சொல்லியிருந்தால் ஓயாவில் யாரும் எதுவும் கொட்டவில்லை என்று ஆகியிருக்கும். அக்கா தப்பியிருப்பார். கம்பனியும் அந்த ஒரு குற்றச்சாட்டிலிருந்து தப்பியிருக்கும். வேலை போயிருந்தால் எனக்குப் போயிருக்கும், கூடவே பிரிவுத் தலைவருக்கும் ஒரு கரும்புள்ளி விழுந்திருக்கும். அனெக்ஸ் வாடகை, வீட்டுக்கு அனுப்பும் காசு, அடுத்த மாதம் வரவிருந்த பதவி உயர்வு, எல்லாவற்றையும் அன்று முழுக்கக் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அக்காவைக் கூப்பிட்டோம். பொது முகாமையாளர், பிரிவுத் தலைவர், குறிப்பெடுக்க நான். நிரந்தரக் கடிதம் கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, அக்கா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தார். கதிரையில் உட்காரச் சொன்னதும் அதன் நுனியில் உட்கார்ந்தார்.

பொது முகாமையாளர் படிவத்தில் இருந்ததைச் சிங்களத்தில் சொன்னார். பிரிவுத் தலைவர் தமிழில் சொல்லப் போனார். அதற்குள் அக்கா, "மம தெம்மே நே சேர்" என்று சிங்களத்திலேயே நேராகச் சொல்லிவிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "நான் போடல சேர். ஒரு நாளும் போடல. குப்ப எல்லாம் மூட்ட கட்டி வச்சு, லொறிக்குத்தான் குடுக்கறேன். செக்குரிட்டிகிட்ட கேட்டுப் பாருங்க."

"அப்ப இதிலை நீங்கள் கையெழுத்து வைச்சிருக்கிறியளே?"

"வச்சேன் சேர். மிஸ்தான் வைக்கச் சொன்னாங்க. மேல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. மிஸ்கிட்டயே கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்." அக்காவின் முகத்தில் பயம் இல்லை. நான் இருக்கிறேன் என்ற தைரியம்தான் இருந்தது. நான் வாயைத் திறந்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவங்க சொன்னாங்க. நான் எழுதினேன்," என்றேன். முதலில் தமிழில், பிறகு பொது முகாமையாளருக்காகச் சிங்களத்தில். ஒரு பொய்யை இரண்டு மொழியில் சொன்னேன்.

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. "நான் எப்ப மிஸ் சொன்னேன்?" என்றார். நான் குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதினேன். "மிஸ், என்னப் பாத்து சொல்லுங்க. நான் எப்ப சொன்னேன்?" குரல் உயர்ந்தது. "செய்யாதத எப்புடி சொல்றதுன்னு உங்க மேசைக்கு முன்னாடி நின்னுதானே கேட்டேன்? அட கடவுளே, என்னா மிஸ் இது?" பிரிவுத் தலைவர், "சரி சரி, சத்தம் போடவேண்டாம்" என்றார். அக்கா எழுந்துவிட்டார். கதிரையைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி வைத்தார். "நல்லா இருங்க மிஸ். நல்லா இருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் தலையை நிமிர்த்தவில்லை. அவர் சொன்னதைக் குறிப்பில் எழுதவும் இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் தாள் வேலை. மேன்பவர் ஆளுக்கு எதிராக எப்படி ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது என்று ஒரு சிக்கல் வந்தது. நானே தீர்த்துக் கொடுத்தேன். ஆறு வருடம் எங்கள் ஆள் இல்லை என்று சொல்லி வந்த ஒருவரை, தண்டனைக்கு மட்டும் எங்கள் ஆள் ஆக்கி ஒரு கடிதம் எழுதினேன். பட்டியலை மறுபடி தட்டச்சு செய்தேன், இரண்டாவது இடத்துக்கு வேறு பெயர் வந்தது. மேன்பவர் கம்பனிக்கு, வேறு ஆளை அனுப்பவும் என்று ஒரு வரி அனுப்பினேன். அன்று பின்னேரம் அவர்கள் அக்காவுக்கு போன் பண்ணியிருப்பார்கள். அதன் பிறகு பண்ணியிருக்க மாட்டார்கள்.

சான்றிதழ் வந்தது. கேக் வெட்டினோம். எல்லோருக்கும் துணிப்பை கொடுத்தார்கள், எனக்கு அதோடு சிரட்டையில் வைத்த ஒரு செடியும். பதவி உயர்வும் கிடைத்தது. ஊழியர்களின் நடத்தையை மாற்றுவது எப்படி என்று எங்கள் மற்றக் கிளைக்குப் போய் ஒரு மணித்தியாலம் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று சொன்னார்கள். அக்காவைப் பற்றி அலுவலகத்தில் யாரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. பொதி செய்யும் மண்டபத்துக்குள் போவதை மட்டும் குறைத்துக்கொண்டேன். போகும்போதெல்லாம் அங்கிருந்த பொம்பிளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

கிட்டத்தட்ட ஆறு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கண்டி பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். நான் ஊருக்குப் போக ஹேவாஹெட்ட பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் தன் ஊர்ப்பக்கம் போகும் பன்வில பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பையோடு நின்றார். என் கால் தானாகப் பக்கத்துப் பழக்கடைக்குள் திரும்பியது. வேண்டாத பழத்தை எடுத்து விலை கேட்டேன்.

"என்னாங்க மிஸ், கண்டும் காணாத மாதிரி போறீங்க?"

பின்னால் வந்து நின்றார். மெலிந்திருந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தேன், நாலு பேர் பார்க்க ஏசிவிட்டுப் போனால் கணக்கு தீர்ந்துவிடும் என்று ஒரு அற்ப ஆசை. அவர் ஏசவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது.

"கட்டுகஸ்தோட்டையில ஒரு ஹோட்டல்ல ரூம் கிளீன் பண்ற வேல மிஸ். நேரடியா ஹோட்டல்ல, மேன்பவர் இல்ல. எல்லாம் சரின்னு சொல்லிட்டு நம்ம கம்பனிக்கு போன் போட்டு விசாரிச்சிருக்காங்க. என்னமோ ஓயாவுல குப்ப கொட்டினதுன்னு சொல்லியிருக்கு. அந்த ஹோட்டல் ஆத்தங்கரையிலதான் இருக்கு. ஆத்துல குப்ப கொட்டறவள நாங்க எப்புடி எடுக்கறதுன்னு கேட்டுட்டாங்க. வேற ரெண்டு எடத்துலயும் இதேதான்."

யார் போனை எடுத்தாலும் பைலில் இருப்பதைத்தான் வாசித்துச் சொல்வார்கள். பைலில் எழுதியவள் நான்.

"அக்கா, என்ன மன்னிச்சிருங்க," என்றேன். கண் நிறைந்துவிட்டது. என் கண்ணீரை அவர் சட்டை செய்யவில்லை. பன்வில பஸ் வருகிறதா என்று ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"அதெல்லாம் அப்புறம் மிஸ். எனக்கு ஒரு கடிதம் வேணும். நாலு வரி போதும். நான் ஓயாவுல ஒன்னும் போடல, அத எழுதினது நீங்கதான்னு. என் பேரு போட்டு, உங்க பேரு போட்டு, கம்பனி சீல் அடிச்சுக் குடுங்க. அந்த ஹோட்டல்காரவங்க நல்லவங்க, கடிதம் கொண்டாந்தா எடுக்கறோம்னு சொல்லியிருக்காங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பாங்களாம்."

"எழுதித் தர்றேன் அக்கா."

"நெசமா?"

"சத்தியமா."

அடுத்த ஞாயிறும் இதே பஸ்ஸுக்கு இதே இடத்தில் நிற்பேன் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். அந்தக் கிழமை முழுக்க அலுவலகக் கணினிக்கு முன்னால் நான்கு தரம் உட்கார்ந்தேன். சம்பந்தப்பட்டவர்களுக்கு என்று தொடங்குவேன், அக்காவின் பெயரைப் போடுவேன், என் பெயர் வரும் இடத்தில் கை நின்றுவிடும். சீல் பிரிவுத் தலைவரின் மேசை லாச்சியில் இருந்தது, என்னிடமும் ஒரு சாவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போகவில்லை, தலைவலி என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த ஞாயிறும் போகவில்லை. மாதம் முடிந்துவிட்டது.

இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்தால் மனம் கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தேன். மேலே போய் மறுபடி வாசித்துப் பார்த்தேன். இத்தனை பக்கத்திலும் அக்காவின் பெயர் இல்லை, கம்பனியின் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. இதைக் கொண்டுபோய் அவர் எந்த ஹோட்டலில் காட்டுவார்? அவர் கேட்டது நாலு வரி. அதை நான் இன்னும் எழுதவில்லை.